திறன்பேசியின் உறை: காப்பதும் கெடுப்பதும்

புதிய திறன்பேசி வாங்கும்போதே அதற்கான உறையையும் சேர்த்து வாங்கிவிடுவது இன்று பெரும்பாலோரின் வழக்கமாகிவிட்டது. பேக் கவர், பவுச், ஃபிளிப் கவர், பம்பர் என்று கடைக்காரர்கள் பல பெயர்களில் எடுத்துவைக்கும் இவை யாவும் கீழே விழும் கருவியை உடையாமல் காப்பதற்கென்றே செய்யப்பட்டவை போலத் தோன்றினாலும், அந்த வேலையை அவை செய்யும் விதமும் அளவும் பெரிதும் வேறுபடுகின்றன. உறை போட்டால் கருவி சூடேறும், எடை கூடும், விலை கொடுத்து வாங்கிய அழகு மறைந்துபோகும் என்று கருதி உறையையே தவிர்ப்போரும் உண்டு. இரு தரப்பிலும் உண்மை இருப்பதால், உறை எதைக் காக்கிறது, எந்த நேரத்தில் அதுவே கேடாகிறது என்பவற்றைத் தனித்தனியே ஆராய்ந்து பார்ப்பது அவசியமாகிறது.

கண்ணாடியின் வலிமையும் எல்லையும்

உறையின் தேவை கண்ணாடியோடு வந்தது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த நோக்கியா 3310 போன்ற பழைய கைபேசிகளுக்குச் சிறிய திரையும் கழற்றி மாட்டக்கூடிய பிளாஸ்டிக் மூடியும் இருந்தன. கீழே விழுந்தால் மூடி ஒரு பக்கமும் பேட்டரி ஒரு பக்கமுமாகக் கழன்று ஓடினாலும், பொறுக்கி எடுத்துப் பொருத்தியதும் கருவி மீண்டும் இயங்கியது. 2007இல் ஆப்பிள் நிறுவனத்தின் முதல் ஐபோன் வந்தபோது கருவியின் முன்பக்கம் முழுவதும் கண்ணாடியாயிற்று. 2010இல் வந்த ஐபோன் 4இல் பின்பக்கமும் கண்ணாடியாக இருந்தது. பின்னர், கம்பியில்லாமல் மின்னேற்றும் வசதி பரவியபோது, அதற்குரிய மாறும் காந்தப்புலத்தை உலோக முதுகு தடுத்துவிடும் என்பதால், விலை உயர்ந்த கருவிகள் பலவற்றில் கண்ணாடி முதுகு நிலைபெற்றது.

இந்தக் கண்ணாடி சன்னல் கண்ணாடியைப் போன்றதன்று. அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் 1960களிலேயே வலுவூட்டிய கண்ணாடி ஒன்றை உருவாக்கியிருந்தது. அன்று பெரிய சந்தை கிடைக்காத அந்த ஆய்வின் தொடர்ச்சியே இன்று ‘கொரில்லா கிளாஸ்’ என்ற பெயரில் கோடிக்கணக்கான கருவிகளில் இருக்கிறது. கண்ணாடித் தகட்டை ஏறத்தாழ 400 டிகிரி செல்சியஸில் உருகிய பொட்டாசியம் உப்பில் மூழ்கவைக்கும்போது, அதன் மேற்பரப்பிலிருக்கும் சிறிய சோடியம் அயனிகள், அதாவது மின்னூட்டம் பெற்ற அணுக்கள், வெளியேற, அவற்றைவிடப் பெரிய பொட்டாசியம் அயனிகள் அந்த இடங்களில் நெருக்கியடித்து அமர்கின்றன. இந்த நெருக்கத்தால் மேற்பரப்பு எப்போதும் அழுத்தத்தில் இருக்கிறது. கண்ணாடி உடைவதற்குக் காரணமான நுண்விரிசல்கள் வாய் திறக்க முடியாமல் அந்த அழுத்தம் மூடிப் பிடித்துக்கொள்கிறது.

ஆயினும் அழுத்தம் பெற்ற இந்த அடுக்கு மிக மெல்லியது. கூரிய கல்முனையோ மணல் துகளோ அதைக் குத்தித் துளைத்து உள்ளே சென்றுவிட்டால், விரிசல் தடையின்றிப் பரவுகிறது. வழவழப்பான தரையில் தலைகுப்புற விழுந்தும் தப்பிக்கும் கருவி, அதைவிடக் குறைந்த உயரத்திலிருந்து சரளைக்கல்லின் மீது விழுந்து உடைவதற்கு இதுவே காரணம். தயாரிப்பாளர்கள் கூறும் உயரக் கணக்குகள் ஆய்வகத்தின் குறிப்பிட்ட பரப்புகளுக்கு உரியவை. வீட்டின் கிரானைட் தரைக்கும் தெருவின் சிமென்ட் சாலைக்கும் அவற்றை அப்படியே உறுதிமொழியாகக் கொள்ள இயலாது.

விழும் பொருளுக்கு நேர்வது என்ன?

சிதறுகாயாகக் கருங்கல்லில் வீசப்படும் தேங்காய் நொறுங்குகிறது; அதே வேகத்தில் மணலில் விழும் தேங்காயோ முழுதாகக் கிடக்கிறது. இரண்டின் ஆற்றலும் ஒன்றுதான் என்றாலும், கல் அதை ஒரே நொடிப்பொழுதில் நிறுத்திவிட, மணல் சற்றே உள்வாங்கிக்கொண்டு நிறுத்துகிறது. உறை செய்யும் வேலை முழுவதும் இந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

200 கிராம் எடையுள்ள ஒரு திறன்பேசி 1 மீட்டர் உயரத்திலிருந்து நழுவினால், அரை விநாடிக்கும் குறைவான நேரத்தில், மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் வேகத்தில் அது தரையைத் தொடுகிறது. அப்போது அது சுமந்திருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 2 ஜூல். உறையில்லாத கருவி அரை மில்லிமீட்டர் தொலைவுக்குள் நின்றுவிடுவதாகக் கொண்டால், அதன்மீது செயல்படும் சராசரி விசை 4,000 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 400 கிலோ எடை அழுத்துவதற்கு ஒப்பானது. மென்மையான உறையின் மூலை 2 மில்லிமீட்டர் நசுங்கி இடம்கொடுத்தால், அதே விசை 1,000 நியூட்டனாக, நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. இது எளிமைப்படுத்திய கணக்கே என்றாலும், உறையின் தடிமனில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் எவ்வளவு மதிப்பு உண்டு என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது.

மூலையில் விழும்போது இந்த விசை முழுவதும் மிகச் சிறிய பரப்பில் குவிந்து, அங்கிருந்து கண்ணாடியின் விளிம்பைத் தாக்குகிறது. எனவே, உறையைத் தேர்ந்தெடுக்கும்போது முதுகுப்புறத்து ஓவியத்தைவிட நான்கு மூலைகளையே முதலில் அழுத்திப் பார்க்க வேண்டும். அடுத்துப் பார்க்க வேண்டியது வரம்பு. திரையைச் சுற்றியும் கேமராவைச் சுற்றியும் உறையின் ஓரம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டராவது உயர்ந்து நின்றால், சமதளத்தில் குப்புற விழும் கருவியின் கண்ணாடி தரையைத் தொடாமல் தப்பிக்க வாய்ப்பு மிகுதி. துருத்தி நிற்கும் கல்லுக்கு எதிரே இந்த வரம்பு உதவாது. அதற்கெனத் திரையின் மேல் தனியாக ஒட்டப்படும் டெம்பர்டு கிளாஸ், கீறலையும் குத்தையும் தான் ஏற்று, பல வேளைகளில் உள்ளிருக்கும் திரையைத் தப்பவைக்கிறது.

உறையின் வகைகளும் விளம்பரச் சொற்களும்

சந்தையில் மிகுதியாகக் கிடைப்பது டிபியு எனப்படும், வளைந்துகொடுக்கும் பாலியூரித்தேன் வகைப் பிளாஸ்டிக்கால் ஆன உறை. அதிர்ச்சியை நன்கு உள்வாங்கும் இந்த உறையின் நிறமற்ற வகை, வெயிலின் புறஊதாக் கதிராலும் வெப்பத்தாலும் வேதிமாற்றம் அடைந்து நாளடைவில் மஞ்சளாகிறது. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அந்த மஞ்சள் போகாது. சிலிக்கோன் உறை கைக்குப் பிடிமானம் தந்து நழுவுவதையே குறைக்கிறது என்றாலும், தூசியை எளிதில் ஈர்க்கிறது. பாலிகார்பனேட் என்னும் கடினப் பிளாஸ்டிக் கீறலைத் தடுத்து விசையைப் பரப்பிவிடுமே தவிர, அதிகம் நசுங்காது. ஆகவே உள்ளே மென்மையும் வெளியே கடினமும் சேர்ந்த உறை, இவற்றுள் எந்த ஒன்றையும் விடச் சமநிலையான காவலைத் தருகிறது.

சில உறைகளின் அட்டையில் ‘மிலிட்டரி கிரேடு’ என்ற சொல் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் எம்ஐஎல்-எஸ்டிடி-810 என்னும் சோதனை நெறிகளை அது குறிக்கிறது. அந்நெறிகளில் அடங்கிய வீழ்ச்சிச் சோதனையில், ஒரு பொருள் 8 மூலைகள், 12 விளிம்புகள், 6 முகங்கள் என 26 முறை, ஏறத்தாழ 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவைக்கப்படுகிறது. ஆனால், அது விழும் இடம் கான்கிரீட்டின் மேல் வைத்த ஒட்டுப்பலகையாகவும் இருக்கலாம். மேலும், அந்த 26 வீழ்ச்சிகளை ஐந்து மாதிரிகள் வரை பகிர்ந்துகொள்ளவும் நெறி இடமளிக்கிறது. உறைகளைச் சோதித்து இராணுவம் முத்திரை வழங்குவதில்லை. தயாரிப்பாளரே சோதித்து, தயாரிப்பாளரே அறிவித்துக்கொள்வதுதான் நடைமுறை. ஆகவே அந்தச் சொல்லை மட்டும் நம்பிக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

வெப்பம் என்னும் மறுபக்கம்

அதிர்ச்சியைத் தடுக்கும் அதே பிளாஸ்டிக் வெப்பத்தையும் தடுக்கிறது. திறன்பேசியில் விசிறி கிடையாது. உள்ளே உருவாகும் வெப்பம் முதுகின் வழியாகவும் ஓரங்களின் வழியாகவும்தான் வெளியேற வேண்டும். சாதாரணமாகப் பேசுவதற்கும் செய்தி அனுப்புவதற்கும் பயன்படுத்தும்போது உறையால் பெரிய வேறுபாடு நேர்வதில்லை. நீண்ட நேரம் விளையாடும்போதும், காணொளி எடுக்கும்போதும், வேகமாக மின்னேற்றும்போதும் வெப்பம் உள்ளேயே தேங்கினால், கருவி தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதைவிடக் கவலைக்குரியது பேட்டரியின் நிலை. லித்தியம் அயனி பேட்டரியின் உள்ளே நடக்கும் வேண்டாத வேதிவினைகள் வெப்பத்தில் விரைவு பெற்று, அதன் கொள்ளளவை நிரந்தரமாகக் குறைத்துவிடுகின்றன.

ஐபோனைப் பயன்படுத்துவதற்குரிய சுற்றுப்புற வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை என்று ஆப்பிள் நிறுவனம் வரையறுத்திருப்பதோடு, மின்னேற்றும்போது கருவி சூடானால் முதலில் உறையைக் கழற்றுமாறும் அறிவுறுத்துகிறது. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர், கரூர், திருத்தணி போன்ற ஊர்களில், உறைக்குள் அடைபட்ட கருவிக்கு அந்த எல்லை காலையிலேயே முடிந்துவிடுகிறது. காரின் முன்கண்ணாடிக்கு அருகில் வெயில் படும்படி பொருத்தி, வழிகாட்டும் வரைபடத்தை இயக்கிக்கொண்டே மின்னேற்றுவது மூன்று வெப்பங்களை ஒன்றுசேர்ப்பதாகும். தடித்த உறை அங்கே நான்காவதாகச் சேர்கிறது.

அலையும் காந்தமும் அழுக்கும்

உறையே அலைவரிசைச் சிக்கலைத் தீர்த்த நிகழ்வும் உண்டு. 2010இல் வந்த ஐபோன் 4இன் உலோக விளிம்பே ஆண்டெனாவாகவும் அமைந்திருந்ததால், குறிப்பிட்ட இடத்தில் விரல் பட்டவுடன் சிக்னல் குறைந்தது. அவ்வாண்டு ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் வாடிக்கையாளர்களுக்கு உறைகளை இலவசமாக வழங்கியது. விரலுக்கும் உலோகத்துக்கும் இடையே உறை நின்றதும் சிக்கல் தணிந்தது. மாறாக, உலோகத்தால் ஆன உறை வானொலி அலைகளை மறைத்துச் சிக்னலைக் குறைக்கக்கூடும். காரில் மாட்டுவதற்காக உறைக்குள் ஒட்டப்படும் இரும்புத் தகடு கம்பியில்லா மின்னேற்றத்தைத் தடுப்பதோடு தானும் சூடேறுகிறது. காந்தம் பொதிந்த உறையையும் கருவியையும் இதயமுடுக்கி, அதாவது பேஸ்மேக்கர், பொருத்தியவர்கள் மார்பிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளியே வைத்திருக்க வேண்டும். சட்டைப்பையில் வைக்கவே கூடாது.

உறை போட்டுவிட்டால் கருவியின் முதுகில் கீறல் விழாது என்பதும் முழு உண்மையன்று. மணலில் பெரும்பகுதியாக இருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது. உறைக்கும் கருவிக்கும் இடையே புகுந்த அத்தகைய துகள்கள், ஒவ்வோர் அசைவிலும் உப்புத்தாளைப் போல் உள்ளிருந்தே தேய்க்கின்றன. வியர்வையும் மழைநீரும் அங்கே தேங்குகின்றன. அலங்காரத்தை மட்டும் பார்த்து வாங்குவதிலும் இடர் உண்டு: மினுக்கும் துகள்கள் மிதக்கும் திரவம் நிரப்பிய ஐபோன் உறைகள் கசிந்து தோலில் எரிச்சலும் புண்ணும் ஏற்பட்டதால், 2017இல் அமெரிக்காவில் 2,60,000க்கும் மேற்பட்ட உறைகள் திரும்பப் பெறப்பட்டன.

முடிவாக

மேசையிலேயே கருவியை வைத்து வேலை செய்பவரும், தரைவிரிப்பு இட்ட அறைக்குள் மட்டுமே அதைக் கையாள்பவரும் உறையின்றி இருந்துவிடலாம். பேருந்தில் நின்றுகொண்டும், இருசக்கர வாகனத்திலிருந்து இறங்கும்போதும், குழந்தைகளின் கையில் கொடுத்தும் கருவியைப் பயன்படுத்தும் பெரும்பாலோருக்கு உறை தேவை. தற்செயலாக நேரும் உடைவைத் தயாரிப்பாளரின் வழக்கமான உத்தரவாதம் ஏற்பதில்லை. திரையை மாற்ற ஆகும் செலவோ ஒரு நல்ல உறையின் விலையைப் போலப் பல மடங்கு. ஒரு திறன்பேசியால் சுற்றுச்சூழலுக்கு ஏற்படும் கரிமச் சுமையின் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே உண்டாகிவிடுவதால், இருக்கும் கருவியை இரண்டு ஆண்டுகள் கூடுதலாக உழைக்கவைப்பது குடும்பத்துக்கு மட்டுமன்றி மண்ணுக்கும் செய்யும் நன்மையாகும்.

மூலை மென்மையாகவும், வரம்பு உயர்ந்தும், முதுகு அளவோடு மெலிந்தும், பொத்தான்களையும் ஒலிவாங்கித் துளைகளையும் மறைக்காமலும் இருக்கும் உறையே நல்ல உறை. அதை இரவு மின்னேற்றும்போது கழற்றி வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை சோப்பு நீரில் கழுவி, நன்கு உலர்த்தி, கருவியையும் மெல்லிய துணியால் துடைத்த பிறகே மீண்டும் மாட்ட வேண்டும். மூலைகள் தளர்ந்துவிட்டால் தயங்காமல் மாற்ற வேண்டும். மாட்டியதோடு மறந்துவிடாமல், கழற்ற வேண்டிய நேரத்தில் கழற்றுபவருக்கே உறை முழுப் பயனைத் தருகிறது.