ஐந்து எழுத்துக்குள் ஒரு முதலியார்

தண்டுப் பகுதித் தமிழர்களுக்கு ஆர்.பி.ஏ.என்.எம். பள்ளியைத் தெரியாமல் இராது. அந்த ஐந்து எழுத்தை விரிக்கச் சொன்னால்தான் பிள்ளைகள் விழிக்கிறார்கள். ராய்பகதூர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் என்பதே அது.

கப்பன் பூங்காவில் செக்கச் செவேலென்று நிற்கிறதே அட்டாரா கச்சேரி, அதைக் கட்டிய கான்டிராக்டரும் இவர்தான். பதினெட்டு இலாகாக்களுக்காக 1868-ல் கட்டி முடிந்தது, இன்று ஹைகோர்ட். 1980-களில் அதை இடிக்கப் பார்த்தார்கள். ஊர் எதிர்த்தது, வழக்கும் நடந்தது, கட்டடம் தப்பியது.

டெண்டர், பில் என்று பார்த்துப் பழகிய நமக்குக் கான்டிராக்டர் என்றாலே ஒரு சந்தேகம். இவரோ 1873-லேயே ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தவர். 2023-ல் அதற்கு 150 வயது நிறைந்தது. கச்சேரியைக் காட்டும்போது, அல்சூர்ப் பக்கத்துப் பள்ளியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.