தூதுணம் - ஒரு சொல்லாய்வு

பட்டினப்பாலையின் 58ஆம் அடியில் 'தூதுணம்புறவு' என்றொரு தொடர் பயின்றுள்ளது. காவிரிப்பூம்பட்டினத்துத் தவப்பள்ளியில் எழும் வேள்விப் புகையைப் பொறாத குயில்கள், தம் பெடைகளோடு நீங்கிப் பூதம் காக்கும் கோயிலை அடைந்து, ஆங்குறையும் புறாக்களுடன் ஒதுங்கின என்பது அவ்விடத்துச் செய்தி. அப்புறாக்களுக்கு அடையாக வந்த சொற்களே ஈண்டு நம் ஆய்வுக்குரியன.

தூது என்றவுடன் இக்காலத்தார் நெஞ்சில் தோன்றுவது செய்தி கொண்டு செல்லுதலேயாகும். புறாவின் காலில் ஓலை கட்டி விடுத்த செய்திகளைக் கேட்டறிந்தோர், இத்தொடரைத் 'தூது செல்லும் புறா' எனக் கொள்ளுதல் எளிது. அங்ஙனம் கொள்ளின், இடைநின்ற 'உண்' என்னும் வினைப்பகுதி பொருளற்றதாய் முடியும். அன்றியும், சங்க காலத்தே புறாவைத் தூதுவிடும் வழக்கம் இருந்ததென ஆதாரமில்லாத வரலாறு ஒன்றும் எழுந்துவிடும். ஆதலின், இச்சொல்லின் பொருளைத் தெளிதல் இன்றியமையாதது.

நச்சினார்க்கினியர் ஈண்டுத் தூது என்பதற்குக் கல் எனப் பொருள் கண்டார். கல்லை உண்ணும் அழகிய புறா என்பது அவர் கருத்து. இப்பொருள் அவர் தாமே புனைந்துகொண்டதன்று என்பதற்கு அகநானூறு சான்றாகின்றது. அதன் 271ஆம் பாட்டில், செங்காற் சேவற்புறா தன் பெடையொடு தொலைவிடம் சென்று, மணல் வழியிற் பரற்கற்களை ஆராய்ந்து உண்பது கூறப்பட்டுள்ளது. சொல் வேறாயினும் செயல் ஒன்றே. பல்லில்லாப் பறவையாகிய புறா தானியங்களை முழுமையாகவே விழுங்கும்; உடன் விழுங்கிய சிறுகற்களே வயிற்றினுள் அவற்றை அரைக்கத் துணைபுரியும். பண்டைப் புலவர் இதனைக் கண்ணாற் கண்டே பாடினர் எனலாம்.

பிற்கால மரபும் இதற்கு அரண் செய்கின்றது. அன்னம், மயில், கிளி, மேகம், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு எனத் தூதுக்குரியனவாக எண்ணப்பட்ட பத்தனுள் புறா இடம்பெறவில்லை. பிசிராந்தையார் புறநானூற்று 67ஆம் பாட்டில் விளித்ததும் அன்னச்சேவலையே.

இனி, 'தூதுணம்' என்பதே புறாவின் பெயராக அகராதிகளில் இடம்பெற்றமை எங்ஙனம்? தொடரைத் தூது + உண் + அம் + புறவு எனப் பிரித்தல் வேண்டும். அம் என்பது அழகு. 'உண்' தனித்து நின்று 'அம்' என்பதனோடு புணரின், தனிக்குறில் முன் ஒற்று இரட்டி 'உண்ணம்' என்றாகும். ஈண்டோ தூது என்பதன் ஈற்றுக் குற்றியலுகரம் கெட்டுத் 'தூதுண்' என இணைந்தமையின், ணகரத்தின் முன் நிற்பது தனிக்குறில் அன்று. ஆகவே இரட்டாது 'தூதுணம்' என நின்றது. அவ்வடிவம் அம்மீற்றுப் பெயர்போலத் தோன்றுதலின், கல் என்னும் பொருள் வழக்கொழிந்த பின்னர் அடைமொழியே பெயராகிவிட்டது எனக் கருதுகின்றோம்.

எனவே, தூதுணம் என்னும் பெயர் புறாவின் தொழிலைக் குறித்ததன்று. அதன் உணவைக் குறித்தது. பழஞ்சொல்லொன்றிற்கு இக்காலப் பொருளை ஏற்றுமுன், உரையையும் ஒப்புமைப் பகுதிகளையும் புணர்ச்சி விதியையும் ஒருங்கு நோக்குதல் ஆய்வாளர் கடனாம்.