தோட்டத்து அறையும் மோட்டார் இலக்கமும்

சமூகப்பணி பயிலும் மாணவர்க்கு ஒழுக்கவியல் கற்பிக்கும் வாய்ப்புச் சில ஆண்டுகளாக எனக்குக் கிடைத்து வருகின்றது. உதவி நாடி வந்தவரின் இரகசியத்தைக் காக்க வேண்டும், அவர் சம்மதமின்றி எதுவுஞ் செய்தலாகாது என்று கரும்பலகையில் எழுதினால் மாணவர்கள் அமைதியாகப் பிரதி செய்து கொள்வார்கள். எவரும் மறுத்துப் பேசார். மறுப்பெழாத பாடம் மனத்திற் பதிவதில்லை என்பது ஆசிரியத் தொழில் செய்வோர் அறிந்ததே. ஆதலால், இப்பொழுதெல்லாம் விதிகளைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, அமெரிக்காவில் நடந்த இரண்டு ஆராய்ச்சிகளின் கதையை முதலிற் சொல்லுவேன். இரண்டும் தன்பாலீர்ப்புடைய ஆடவரைப் பற்றியவை. இரண்டையுஞ் செய்தவர்கள் அம்மக்கள்பால் நல்லெண்ணங் கொண்டவர்களே. தீயவன் ஒருவனைக் காட்டி ஒழுக்கங் கற்பித்தல் எளிது. அஃது எனக்கு வேண்டுவதன்று.

முதலாவது கதை எவ்லின் ஹூக்கர் என்னும் உளவியலாளருடையது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே கலிபோர்னியாச் சர்வகலாசாலையின் வெளிவாரி வகுப்புகளிற் கற்பித்து வந்தவர் அவர். அவரிடம் படித்த இளைஞர் ஒருவர், குருவும் மாணவரும் நண்பராகிவிட்ட நிலையில், தம்மையும் தம் கூட்டத்தாரையும் ஆராய்ந்து உண்மையைச் சொல்லுமாறு வேண்டிக்கொண்டார். அக்காலத்து மருத்துவ நூல்கள் அவர்களை நோயாளிகள் என்றே எழுதின. 1952ஆம் ஆண்டு அமெரிக்க உளமருத்துவச் சங்கம் வெளியிட்ட நோய்ப்பட்டியலும் அவ்வாறே கூறிற்று. அம்முடிபுக்கு ஆதாரமாயிருந்தவர்கள் யார் என்று நோக்கினால் வியப்பாயிருக்கும். பெரும்பாலும் மனநோய் மருத்துவமனைகளிலும் சிறைக்கூடங்களிலும் இருந்தவர்களே அவர்கள். ஆஸ்பத்திரியில் மாத்திரம் மனிதரைக் கண்ட ஒருவன், மனிதர் யாவரும் நோயாளிகள் என்று முடிவு கட்டியது போன்றது இது.

ஹூக்கர் அம்மையார், சிகிச்சைக்கென்று எவரிடமுஞ் செல்லாது, தத்தம் தொழிலைப் பார்த்து வாழ்ந்துகொண்டிருந்த தன்பாலீர்ப்பாளர் முப்பது பேரைத் தெரிந்தெடுத்தார். வயதிலும் கல்வியிலும் நுண்மதியிலும் அவர்களுக்கு ஒத்த ஏனைய ஆடவர் முப்பது பேரையுஞ் சேர்த்துக்கொண்டார். ரோர்ஷாக்கின் மைத்தடச் சோதனை உட்பட மூன்று சோதனைகளை எல்லாருக்கும் நடத்தி, இன்னார் இன்ன கூட்டத்தவர் என்ற குறிப்பை நீக்கி, பெயர்பெற்ற நிபுணர் மூவரிடங் கொடுத்தார். அம்மூவராலும் பிரித்தறிய முடியவில்லை. மன ஒழுங்கின் அளவிலும் இரு கூட்டத்தார்க்கும் வேறுபாடு காணப்படவில்லை. 1957இல் இவ்வாராய்ச்சி அச்சேறியது.

உளவியற் பாடநூல்களிற் கதை இவ்வளவோடு முடிந்துவிடும். எனக்கோ அந்த முப்பது பேரும் எவ்வாறு வந்தார்கள் என்பதே பெரிதாகப் படுகின்றது. அது மக்கார்தியின் பெயரால் அறியப்படும் சந்தேகக் காலம். 1953இல் ஜனாதிபதி ஐசனோவர் பிறப்பித்த கட்டளை, இத்தகையோர் மத்திய அரசாங்க சேவையில் இருப்பதற்கே தடை விதித்தது. பெயர் வெளிப்பட்டால் வேலை போகும், பொலிசாரும் வரக்கூடும். சர்வகலாசாலைக் கட்டடத்துள் கால்வைக்க அவர்கள் அஞ்சினார்கள். அம்மையார் தம் வீட்டுத் தோட்டத்திலிருந்த தனியறையிலே சோதனைகளை நடத்தினார். அயலார் கண்ணிற் படாது வரவும் போகவும் அங்கே வசதியிருந்தது. தம்மைப் பற்றிய உண்மை தமக்கு எதிராகத் திரும்பாது என்ற நம்பிக்கை பிறந்த பின்னரே அவர்கள் வாய் திறந்தார்கள். 1973ஆம் ஆண்டு திசம்பரில் அச்சங்கம் தன் நோய்ப்பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பை நீக்கிற்று. 1990இல் உலக சுகாதார நிறுவனமும் அவ்வாறே செய்தது. அந்த நெடிய வழியின் தொடக்கங்களுள் ஒன்று அத்தோட்டத்துப் பாதை.

இரண்டாவது கதை லோட் ஹம்பிரீஸ் என்பாருடையது. முன்னர் குருவானவராயிருந்து, பின்னர் செயின்ற் லூயிஸ் நகரிற் சமூகவியல் பயின்றவர். 1960களின் பிற்பகுதியில், பொதுப் பூங்காக்களின் மலசலகூடங்களிலே ஒருவரையொருவர் சந்தித்த ஆடவரை அவர் ஆராய்ந்தார். ஆட்கள் வந்தால் எச்சரிக்குங் காவலாளாகத் தம்மைக் காட்டிக்கொண்டு அங்கு நின்றார். அவர்களுடைய மோட்டார் வண்டிகளின் இலக்கங்களைக் குறித்துக்கொண்டார். வியாபார ஆராய்ச்சி என்று பொய்க் காரணங் கூறி, பொலிசார் வழியாகப் பெயரும் விலாசமும் பெற்றார். ஓராண்டு பொறுத்திருந்து, உடையையும் தோற்றத்தையும் மாற்றிக்கொண்டு, சுகாதார விசாரணை என்ற பெயரில் அவர்களுள் ஐம்பது பேரின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

கண்டறிந்தவை அற்பமானவையல்ல. அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் மணமாகி மனைவியரோடு வாழ்பவர்கள், அயலில் மதிப்புள்ளவர்கள், பிறர்க்கு இடையூறு விளைவிக்காதவர்கள். பொலிசார் தீட்டிவைத்த பயங்கரச் சித்திரத்தை அவருடைய நூல் கலைத்தது. 1970இல் அது வெளிவந்தபோது பாராட்டும் வந்தது, கண்டனமும் வந்தது.

இக்கதையைச் சொன்னதும் வகுப்பு இரண்டாகப் பிளந்துவிடும். "சேர், அவர் கேட்டிருந்தால் ஒருவராவது சம்மதித்திருப்பாரா?" என்று ஒரு மாணவர் எழுந்து கேட்டார். "பெயர் எதுவும் வெளிவரவில்லை. பட்டியலைப் பெட்டகத்திற் பூட்டிவைத்துப் பின்னர் அழித்தும் விட்டார். யாருக்கு என்ன தீங்கு?" நல்ல வாதந்தான். நான் மாணவனாயிருந்த காலத்தில் இதே வாதத்தை வைத்து ஒரு கட்டுரை எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கின்றேன்.

இன்று அக்கட்டுரையை நான் ஒப்பமாட்டேன். அப்பட்டியல் பொலிசார் கைக்குப் போகாதது அவர்களுடைய நற்காலம். நீதிமன்றம் அழைப்பாணை விடுத்திருந்தால் அதனைத் தடுக்கச் சட்டத்திற் காப்பு இருந்ததாக நான் அறியேன். ஆனால் என் மனத்தை மாற்றியது அதுவன்று. அவர் அணிந்து சென்றது சுகாதார ஊழியரின் வேடம். அவ்வேடம் அவருக்குச் சொந்தமானதன்று. உண்மையாகவே நோயைத் தீர்க்க வருகின்ற தாதிக்கும் சமூக ஊழியருக்கும் கதவு திறக்கப்படுவது அவ்வேடத்தின் மீதுள்ள நம்பிக்கையாலேயே. அந்நம்பிக்கையை அவர் யாரையுங் கேளாமற் செலவு செய்துவிட்டார். ஹம்பிரீஸ் தாமும் மணமானவராயிருந்து, 1974இல் தாம் தன்பாலீர்ப்பாளர் என்பதைப் பகிரங்கப்படுத்தினார். எப்பொழுது, யார் முன்னிலையிற் சொல்வது என்று அவரே முடிவு செய்தார். அந்த ஐம்பது வீட்டாருக்கு அது கிட்டவில்லை.

இவை தூரதேசத்துக் கதைகள் என்று ஒதுக்க முடியாது. 1883இல் ஆங்கிலேயர் இயற்றிய தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ ஆகிய பிரிவுகளின் நிழலிலே வளர்ந்தவர்கள் நம்மிடையே உளர். 1995இல் வந்த திருத்தம் அந்நிழலைப் பெண்கள் மீதும் நீட்டிற்று. அப்பிரிவுகளை மாற்றக் கருதிய சட்டமூலமொன்று அரசியலமைப்புக்கு முரணன்று என 2023இல் உயர் நீதிமன்றம் கூறியதுண்டு. எனினும் சிற்றூரொன்றின் சிகிச்சை நிலையத்திலே, வரிசையில் அயலவர் நிற்க, தன் வாழ்க்கையைப் பற்றிய கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவருக்கு நீதிமன்றத் தீர்ப்பு வெகு தூரத்தில் இருக்கின்றது. பதிவேட்டில் என்ன எழுதப்படுகின்றது, அதனை யார் யார் புரட்டுவார்கள் என்பதே அவர் கவலை.

சென்ற ஆண்டு பயிற்சிக்குச் சென்ற என் மாணவி ஒருத்தி திரும்பிவந்து சொன்னாள். அவள் முன் அமர்ந்த இளைஞர், முதற் கேள்விக்கே விடை கூறாமல், "என்ன எழுதப்போறீங்கள், தங்கச்சி?" என்று கேட்டாராம். அவள் பேனாவை வைத்துவிட்டு, எழுதியிருந்த தாளை அவர் பக்கமாகத் திருப்பிக் காட்டினாள். அவர் நெடுநேரம் வாசித்தார். ஒரு சொல்லை வெட்டிவிடுமாறு கேட்டார். அவள் வெட்டினாள். அதன் பின்னர் அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, மறுபடியும் உட்கார்ந்தார்.