1909-இல் பிறந்த இரண்டு எதிர்காலங்கள்

1908-இல் மிலான் அருகே ஒரு கார் பள்ளத்தில் கவிழ்ந்தது. குறுக்கே வந்த சைக்கிள்களுக்காகத் திருப்பியதன் பலன். ஓட்டியவர் கவிஞர் மரினெட்டி. சேறும் சகதியுமாக வெளியே வந்தவர், அந்த விபத்தையே மறுபிறப்பாக்கி ஓர் அறிக்கை எழுதினார். 1909 பிப்ரவரி 20 அன்று பாரிஸின் 'லெ ஃபிகாரோ' அதை முதல் பக்கத்தில் போட்டது. எதிர்காலவாதக் கலை இயக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது. சீறும் கார் கிரேக்கச் சிலையைவிட அழகு, அருங்காட்சியகங்களை இடிக்க வேண்டும், போர்தான் உலகின் அழுக்கைக் கழுவும் என்றெல்லாம் அதில் முழக்கங்கள்.

இயக்கத்தின் ஓவியர்கள் அவரைவிடக் கெட்டிக்காரர்கள். பாலா 1912-இல் வரைந்த படத்தில் ஒரு குட்டை நாய் நடக்கிறது. கால்கள் விசிறியாக விரிந்து மங்குகின்றன. சங்கிலி பல வளைவுகளாக ஆடுகிறது. கூட வரும் பெண்ணின் பாவாடை விளிம்பும் காலணியும் மட்டும் தெரிகின்றன. இயக்கத்தின் சிற்பி போச்சியோனி, அறிக்கை கேட்ட போர் வந்ததும் படையில் சேர்ந்தார். இயந்திர வேகத்தைப் பாடிய கூட்டத்தின் அந்தப் பெரும் கலைஞர் 1916-இல் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். மரினெட்டியோ 1929-இல் முசோலினியின் அகாடமியில் உறுப்பினர் ஆனார்! அவர் இடிக்கச் சொன்ன அருங்காட்சியகங்களில்தான் போச்சியோனியின் சிற்பங்கள் இன்று நிற்கின்றன.

அதே 1909-இல் இன்னொரு எதிர்காலவாதம் புத்தகமாக வந்தது. வக்கீலாக இருந்து போதகரான ஸ்கோஃபீல்டின் விளக்கக் குறிப்புகளோடு ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் வெளியிட்ட வேதாகமம் அது. வேதாகமத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தின் காட்சிகளில் பெரும்பாலானவை இனிமேல்தான் நடக்கும் என்பது இந்த மரபின் வாசிப்பு. 16-ஆம் நூற்றாண்டு ஸ்பானிய ஜெசூட் ரிபேராவிடமே அதைப் பார்க்கலாம். ஸ்கோஃபீல்டின் சாமர்த்தியம் அச்சில் இருந்தது. மேலே வசனம், அடியில் குறிப்பு. தினமும் படிப்பவருக்கு நாளடைவில் இரண்டும் ஒன்றாகிவிடும். நம் ஊர் பெந்தெகொஸ்தே சபைகளில் பேசப்படும் 'இரகசிய வருகை', அதாவது இயேசு வந்து விசுவாசிகளை எடுத்துக்கொள்வார் என்ற நம்பிக்கையும் இந்த மரபுதான்.

1970-இல் மறுபடியும் ஒரு ஜோடி. கணிப்பாளர் டாஃப்ளரின் 'ஃபியூச்சர் ஷாக்', ஸ்கோஃபீல்டின் மரபில் வந்த ஹால் லிண்ட்சேயின் 'தி லேட் கிரேட் பிளானட் எர்த்'. இரண்டும் சக்கைப்போடு போட்டன. என் ஓட்டு இரண்டுக்கும் இல்லை. ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் பியர் வாக் (Wack) என்பவருக்குத்தான். அவர் ஒரே எதிர்காலத்தைச் சொல்லாமல் பல சாத்தியங்களை மேலாளர்கள் முன் வைத்தார். எண்ணெய் நெருக்கடி அதில் ஒன்று. 1973-இல் அது நிஜமானபோது ஷெல் திகைக்கவில்லை.

லிண்ட்சே, இஸ்ரேல் உருவான 1948-இலிருந்து நாற்பது ஆண்டுக்குள் உலக முடிவு வரலாம் என்றிருந்தார். 1988 வந்தது, போனது. 1994-இல் அவர் 'பிளானட் எர்த் 2000 ஏ.டி.' எழுதினார்.