பழைய கார் வாங்கும்போது சர்வீஸ் ரெக்கார்டைக் கேளுங்கள்: அது சந்தேகம் அல்ல, மார்க்கம் காட்டும் வழி

வீட்டுமனை வாங்கும்போது வில்லங்கச் சான்று பார்க்காமல் முன்பணம் கொடுப்பவர் நம்மில் அநேகமாக யாரும் இல்லை. தாய்ப்பத்திரம் எங்கே, வரி ரசீது எங்கே என்று துருவித் துருவிக் கேட்கிறோம். ஆனால் நான்கைந்து லட்சம் ரூபாய்க்குப் பழைய கார் வாங்கும்போது, பெயிண்ட் பளபளப்பையும் மீட்டரில் தெரியும் எண்ணையும் பார்த்துவிட்டு, “நம்ம ஆளுதானே, பொய் சொல்ல மாட்டார்” என்று பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். அது பெரும்பாலும் வளைகுடாவில் பல வருடங்கள் சேர்த்த பணம், அல்லது வீட்டுப் பெண்களின் நகையை விற்ற பணம்.

எங்கள் முஹல்லாவில் ஒரு வழக்கு வந்தது. 48,000 கி.மீ. மட்டுமே ஓடியது என்று சொல்லி விற்கப்பட்ட கார். வாங்கிய இரண்டாம் மாதமே இன்ஜின் நின்றுபோனது. மெக்கானிக் சீட்டைக் கழற்றியபோது அடியில் பழைய ஒர்க்‌ஷாப் பில் ஒன்று கிடைத்தது. மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பில்லில் 91,000 கி.மீ. என்று எழுதியிருந்தது. விற்றவரோ, “நானும் புரோக்கரிடம் இப்படித்தான் வாங்கினேன்” என்றார். இருவரும் ஒரே ஸஃப்பில் நின்று தொழுதவர்கள். இப்போது ஸலாம்கூட இல்லை. பழைய பில்களை முதலிலேயே கேட்டிருந்தால் பணமும் தப்பியிருக்கும், உறவும் தப்பியிருக்கும்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையைத் தெளிவுபடுத்தினால் அவர்களின் வியாபாரத்தில் பரக்கத் செய்யப்படும். பொய் சொல்லி மறைத்தால் அந்த பரக்கத் அழிக்கப்படும் என்ற நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, அடியில் இருந்த ஈரத்தைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த சம்பவமும் நாம் ஜும்ஆவில் பலமுறை கேட்டதுதான். அதில் நாம் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. நபியவர்கள் மேலே தெரிந்ததைப் பார்த்து விட்டுவிடவில்லை. கையை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். காரின் சர்வீஸ் ரெக்கார்டைக் கேட்பதும் குவியலுக்குள் கை விட்டுப் பார்ப்பதுதான். அதை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பால் கறக்காமல் மடியில் தேக்கி வைத்து, அதிகப் பால் தரும் பிராணி போலக் காட்டி விற்பதையும் நபியவர்கள் தடுத்துள்ளார்கள். மீட்டரைத் திருத்திக் குறைவாக ஓடிய கார் போலக் காட்டுவது அதே ஏமாற்றின் இன்றைய வடிவம்.

ரெக்கார்டு என்ன சொல்லும்?

இங்கே ஓடும் பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, இதில் எது முதலில் வருகிறதோ அப்போது இன்ஜின் ஆயில் மாற்ற வேண்டும். நேரத்தில் மாற்றாத ஆயில் கெட்டியாகி, உள்ளே பிசின் போலப் படியும். வெளியில் ஒன்றும் தெரியாது. ஒருநாள் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின்களில், குறித்த காலத்தில் பெல்ட்டை மாற்றாமல் அது ஓட்டத்தில் அறுந்தால், வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே வீணாகலாம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பழையதானால் மலைப்பாதையில் தொடர்ந்து பிரேக் மிதிக்கும்போது பிடிப்பு குறையும். இவையெல்லாம் சரியாகச் செய்யப்பட்டனவா என்பதைப் பத்து நிமிட ஓட்டத்தில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பில்தான் சொல்லும்.

வெளிநாட்டில் இருப்பவரின் கார் வீட்டில் சும்மா நிற்பதும் நம் ஊர்களில் சாதாரணம். “ஐந்து வருடத்தில் 15,000தான் ஓடியது” என்பது நல்ல செய்திபோலத் தெரியும். ஆனால் ஓடாவிட்டாலும் வருடத்துக்கொரு முறை ஆயில் மாற்ற வேண்டும். பேட்டரியும் டயரும் நின்றபடியே பழசாகும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம் தயாரானது.

எப்படிச் சரிபார்ப்பது?

பில்களைத் தேதி வாரியாக அடுக்குங்கள். ஒவ்வொன்றிலும் உள்ள கி.மீ. எண்ணை வரிசையாக எழுதுங்கள். எண் ஏறிக்கொண்டே வர வேண்டும். 2021 பில்லில் 60,000, 2023 பில்லில் 52,000 என்றிருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்ட கார் என்றால், உரிமையாளரையே உடன் அழைத்துச் சென்று பழைய விவரத்தைக் கேளுங்கள். மீட்டர் குறைவாகக் காட்டி, பெடல் ரப்பரும் ஸ்டியரிங்கும் தேய்ந்து வழவழப்பாக இருந்தால் ஏதோ சரியில்லை.

இன்ஷூரன்ஸ் பாலிசியில் ‘நோ கிளெய்ம் போனஸ்’ சதவீதத்தையும் பாருங்கள். கிளெய்ம் இல்லாத ஒரு வருடத்திற்கு 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்து வருடத்தில் 50 வரை ஏறும். ஒரே உரிமையாளர் ஐந்து வருடம் வைத்திருந்த காருக்கு அது பூஜ்யம் என்றால், கடைசியாக ஏதோ கிளெய்ம் ஆகியிருக்கலாம், அல்லது பாலிசி இடையில் விட்டுப்போயிருக்கலாம். எது என்று கேளுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய கார் தனி ஆபத்து. 2015 சென்னை வெள்ளத்திலும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டிய 2023 டிசம்பரிலும் ஏராளமான வாகனங்கள் நீரில் நின்றன. நீர் புகுந்த வயரிங் மாதங்கள் கழித்தும் பழுதாகலாம். ஏர்பேக் தேவையான நேரத்தில் விரியாமல் போகலாம். சீட் பெல்ட்டை முழுவதுமாக இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெப்னி டயருக்கு அடியிலும் சீட்டுக்கு அடியிலும் துரு இருக்கிறதா என்று பாருங்கள்.

வாரண்டி முடிந்தபின் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவது நம் வழக்கம். ஆகவே பில் இல்லாத எல்லாக் காரும் மோசமான கார் அல்ல. அந்த மெக்கானிக்கிடமே நேரில் பேசுங்கள். பிறகு உங்களுக்கு நம்பிக்கையான வேறொரு மெக்கானிக்கிடம் காரைக் காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் ஆயிரம், இரண்டாயிரம் வீண் செலவு அல்ல.

‘இருக்கும் நிலையில் விற்கிறேன்’ என்றால்?

இப்படி எழுதிக்கொண்டால் விற்பவரின் பொறுப்பு முடிந்ததா? ஹனஃபி மத்ஹபின்படி, எல்லாக் குறைகளுக்கும் பொறுப்பில்லை என்ற நிபந்தனையை வாங்குபவர் ஏற்றால் அது செல்லும். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தின்படி, உயிர்ப்பிராணியில் விற்பவருக்கே தெரியாத உட்குறை தவிர மற்றவற்றில் இந்த நிபந்தனை அவரைக் காப்பாற்றாது; கார் அந்த விதிவிலக்கில் வராது. ஆனால் தெரிந்த குறையை மறைத்தால் பாவம் என்பதில் இரு மத்ஹபுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. காகிதத்தில் தப்பியவர் அல்லாஹ்விடம் தப்பிவிடவில்லை.

அப்படியொரு நிபந்தனை இல்லாமல் வாங்கிய காரில், வாங்குவதற்கு முன்பே இருந்த குறை பின்னால் வெளிப்பட்டால், திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. ஆனால் குறை தெரிந்த பிறகும் காரை ஓட்டிக்கொண்டே இருந்தால், அந்தக் குறையோடு ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். தெரிந்த உடனே நிறுத்திவிட்டு விற்றவருக்குத் தகவல் சொல்லுங்கள். பிறகு விவரம் முழுவதையும் உங்கள் ஊர் ஆலிமிடம் சொல்லித் தீர்வு கேளுங்கள்.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை

அத்தாஃ பின் காலித் (ரலி) அவர்களுக்கும் நபியவர்களுக்கும் இடையே நடந்த விற்பனைக்குப் பத்திரம் எழுதப்பட்டது. பொருளில் நோயோ வஞ்சகமோ இல்லை என்ற விவரம் அதில் இருந்ததாகத் திர்மிதியில் வருகிறது. நபியவர்கள் சம்பந்தப்பட்ட விற்பனைக்கே எழுத்து இருந்தது என்றால், “நம்ம ஆளுதானே, எழுத்து எதற்கு?” என்று நாம் எப்படிக் கேட்க முடியும்?

ஆகவே பில்களை ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். விற்கும்போது அதை அப்படியே ஒப்படையுங்கள். விபத்து நடந்திருந்தால், எந்தப் பக்கம், என்ன மாற்றினீர்கள் என்று கேட்கும் முன்பே சொல்லுங்கள். அதனால் விலையில் இருபதாயிரம் குறையலாம். ஆனால் அந்தக் காரில் நாளை போகப்போவது ஒரு குடும்பம். அதன் பிரேக் எந்த நிலையில் இருக்கிறது என்பது உங்களுக்கு மட்டும் தெரிந்த அமானத்.

கொடுக்கல் வாங்கலில் உண்மை பேசுபவர்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்குவானாக. ஆமீன்.