கயிற்றில் போட்ட கண்ணி ஏன் சில நேரம் அவிழவே மாட்டேன் என்கிறது?

வார இறுதியில் சென்னையில் இருந்து நாகலாபுரம், தலக்கோனா என்று ட்ரெக்கிங் கிளம்பும் கூட்டத்தில் நீங்களும் ஒருவரா? 2022 ஏப்ரலில் சித்தூரில் இருந்து பிரிந்த திருப்பதி மாவட்டத்தில்தான் இரண்டும் இருக்கின்றன. ஷூ, பவர் பேங்க் எல்லாம் சரிபார்ப்போம். கண்ணி போடத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை.

வழுக்குப் பாறையில் கயிறு பிடித்து இறங்கும்போது முடிச்சு நழுவினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். இறுகிப்போய் அவிழாவிட்டாலும் வம்புதான். கயிற்றை அங்கேயே விட்டுவிட்டு வரணும், அடுத்த இறக்கத்துக்குக் கயிறு இருக்காது.

முடிச்சைப் பிடித்து வைப்பது உராய்வு. ஒரு கம்பத்தில் கயிற்றை மூன்று சுற்று சுற்றினால், உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொண்டால்கூட, மறுமுனையில் இருப்பதைப் போல 280 மடங்குக்கு மேல் இழுவையைத் தாங்கும். முடிச்சுக்குள் கம்பத்தின் வேலையைக் கயிறே பார்க்கிறது. சுமை ஏற ஏற இழைகள் ஒன்றையொன்று நெருக்கும், பிடி கூடும்.

கயிற்றை இரட்டையாக மடித்துச் சாதாரண முடிச்சு போட்டால் கண்ணி வந்துவிடும். ஆனால் பாரம் ஏறியபின் அதை அவிழ்ப்பதற்குள் நகம் போய்விடும். மலையேறுபவர்கள் இடுப்புப் பட்டையில் கட்டுவது எட்டு வடிவ முடிச்சு. சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்தவுடன் தெரியும். பலமாக விழுந்தால் இதுவும் இறுகும், ஆனால் அந்த அளவுக்கு இல்லை.

மாலுமிகளின் போலைன் வேறு ரகம். இதில் முனைக்கயிறு, பாரம் தாங்கும் நேர்க்கயிற்றின் பின்னால் ஒரு வளைவாகச் சுற்றி வரும். பாரம் இறங்கியதும் அந்த வளைவை முன்னால் தள்ளுங்கள், முடிச்சு தளர்ந்துவிடும். இதே குணம்தான் ஆபத்தும். பாரம் இல்லாமல் ஆடிக்கொண்டே இருந்தால் போலைன் தானாகவே கழன்றுவிடலாம். அதனால் நீளமாக வால் விட்டு, அதைத் தனியாக ஒரு முடிச்சால் பூட்ட வேண்டும்.

இன்னொன்று: கண்ணி வேறு, சுருக்கு வேறு. கிணற்றில் விழுந்தவரின் உடம்பில் சுருக்கு போட்டுத் தூக்கினால் அவர் எடையே அவரை நெரிக்கும். கண்ணியின் அளவு மாறாது.

இறுகிய முடிச்சை முனையைப் பிடித்து இழுக்காதீர்கள், இன்னும் இறுகும். வெளி வளைவுகளைக் கட்டைவிரலால் முன்னும் பின்னும் மடக்கி, நேர்க்கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுங்கள். பருத்திக் கயிறு நனைந்தால் ஊதும், காயும்வரை பொறுங்கள்.