மண்டபம் முங்கிட்டா?

திருநெல்வேலியில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் ஆற்றோரத் தெருக்களில் எழும் கேள்வி இது: "மண்டபம் முங்கிட்டா?" கொக்கிரகுளம் பக்கம் தாமிரபரணிக்குள்ளேயே நிற்கும் தைப்பூச மண்டபத்தைத்தான் கேட்கிறார்கள். அணையில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்று கைப்பேசியில் செய்தி வந்துவிடும். ஆனாலும் சுலோசன முதலியார் பாலத்தில் நின்று, தூண் எதுவரை நனைந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்து வந்தவர் சொல்லுக்குத்தான் மதிப்பு.

அந்தப் பாலமே வெள்ளத்தோடு பிறந்து வளர்ந்தது. ஆற்றில் நீர் பெருகினால் நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் போக்குவரத்து அற்றுப்போன காலத்தில், தன் சொந்தப் பணத்தைக் கொடுத்துச் சுலோசன முதலியார் கட்டுவித்தார். 1843இல் திறந்தார்கள். முப்பது ஆண்டு முடிவதற்குள் ஒரு பெருவெள்ளம் அதில் ஒரு பகுதியைக் கொண்டுபோய்விட்டது. மறுபடி கட்டினார்கள். இன்றும் வண்டிகள் ஓடுகின்றன.

அதைவிடப் பெரிய பாடம் குறுக்குத்துறையில் இருக்கிறது. முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. நீர் வந்து மோதும் பக்கத்துச் சுவரைப் படகின் முனைபோல் கூராகக் கட்டியிருக்கிறார்கள். வெள்ளம் அங்கே பிரிந்து இருபுறமும் போகும். உள்ளே புகுந்த நீர் வெளியேறவும் வழி உண்டு. மூலவர் பாறையில் செதுக்கப்பட்டவர், நகர்த்த முடியாது. ஆகவே ஆறு ஏறத் தொடங்கியதும் உற்சவரையும் உண்டியலையும் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வெள்ளம் வடிந்ததும் மணலை அள்ளிவிட்டு, கழுவி, பூஜையைத் தொடங்குவார்கள். கோயிலைக் கட்டியவர்கள் ஆற்றைத் தடுக்க நினைக்கவில்லை. வரும் என்று தெரிந்து வழிவிட்டுக் கட்டினார்கள். எது நகரும், எது நகராது, எப்போது கிளம்ப வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெளிவாக இருந்தது.

நமக்கு அந்தத் தெளிவு எங்கே போயிற்று?

1992 நவம்பர் 13, வெள்ளிக்கிழமை. மாஞ்சோலை மலையில் கக்காச்சியில் 96 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு என மூன்று அணைகள் இருந்தும் வெள்ளம் நகருக்குள் புகுந்தது. பிறகு 2023 டிசம்பர் 17, மார்கழி முதல் நாள். இம்முறை மழை மலையோடு நிற்காமல் சமவெளியிலும் கொட்டியது. கடலோரக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. ஜங்ஷன் பேருந்து நிலையம், வண்ணார்பேட்டை, மீனாட்சிபுரம், கைலாசபுரம், சிந்துபூந்துறை எல்லாம் நீருக்குள். ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் ஏறக்குறைய 800 பயணிகளோடு ஒரு ரயில் நின்றுபோனது.

இரண்டு வெள்ளத்துக்கும் நடுவே 31 ஆண்டுகள். என் கவலையெல்லாம் இந்த இடைவெளியைப் பற்றித்தான். 1992இல் தாயின் இடுப்பில் இருந்து வெள்ளம் பார்த்த பிள்ளை, 2023இல் கடன் வாங்கி வீடு கட்டிய குடும்பஸ்தர். மனை வாங்கும்போது பட்டா பார்த்திருப்பார், வில்லங்கம் பார்த்திருப்பார். அன்றைக்கு அந்த இடத்தில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்று அவருக்குச் சொல்ல ஒரு கல்கூட நட்டுவைக்கப்படவில்லை. குறுக்குத்துறை, சிந்துபூந்துறை, கொக்கிரகுளம், வேய்ந்தான்குளம் என்று ஊர்ப்பெயர்கள் மட்டும் துறையையும் குளத்தையும் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. பேருந்தின் பெயர்ப்பலகையில் அவற்றை வாசிக்கிறோம்; அர்த்தத்தை விட்டுவிட்டோம்.

வானமே பொத்துக்கொண்டு கொட்டினால் எந்த ஊர்தான் தாங்கும் என்பவர்கள் உண்டு. அணை திறக்கும் நேரத்தைச் சரிசெய்தாலே போதும் என்பாரும் உண்டு. இருக்கட்டும். மழையளவும் திறந்த நீரின் அளவும் பதிவேட்டில் இருக்கும். வாசலில் ஏறிய தண்ணீரின் உயரத்தை வாசல்தான் சொல்ல வேண்டும்.

செலவில்லாத வேலை இது. படித்துறையில், பள்ளிக்கூடச் சுவரில், பேருந்து நிலையத் தூணில் ஒரு கோடு, அருகே ஆண்டு. வெள்ளையடித்து மறைத்த வீடுகளிலும், சேற்றுக் கறை எந்த உயரத்தில் இருந்தது என்று வீட்டுக்காரருக்கு இன்னும் நினைவிருக்கும். அவர் மறப்பதற்குள், அல்லது வீட்டை விற்பதற்குள், அந்தக் கோட்டைப் போட்டுவிட வேண்டும்.